கூத்து ஜமா முதல் கோட்டை வரை: கலைக் கொள்கையில் மக்கள் அமைப்புகள் தலையிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் இயங்கும் கலைஞர் சங்கங்கள், கூத்து ஜமாக்கள் (தெருக்கூத்து ஆடும் குழுக்கள்), பறைக் குழுக்கள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள், ஊர் விழாக் குழுக்கள் ஆகியோருக்காக எழுதப்பட்டது இது. அரசின் பண்பாட்டு முடிவுகளில் எல்லோருக்கும் இடம் இருக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். எந்தத் தாளில், எந்த மாதத்தில், யாரிடம் அதைக் கேட்பது என்பதுதான் இங்கே உள்ள விஷயம்.

பண்பாட்டுக் கொள்கை என்பது எங்கே இருக்கிறது? எங்களுக்கு யாரும் காட்டியதில்லையே?

அந்தப் பெயர் போட்ட புத்தகத்தைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கொள்கை சின்னச் சின்னத் தாள்களில் சிதறிக் கிடக்கிறது. சட்டமன்றத்தில் துறையின் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை வரும்போது துறை வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, திட்டத்துக்கான அரசாணை, உதவித்தொகை விண்ணப்பப் படிவம், தேர்வுக் குழு உறுப்பினர் பட்டியல், காவல் நிலையம் தரும் அனுமதிக் கடிதம் எல்லாமே கொள்கைதான்.

இவற்றில் அதிகாரம் மிகுந்தது படிவம் என்றே சொல்வோம். 'கலைப்பிரிவு' என்ற கட்டத்தில் ஒன்றை மட்டும் எழுதச் சொன்னால், இரவில் வேடம் கட்டி, மறுநாள் இன்னொரு ஜமாவுக்கு மத்தளம் அடிப்பவர் பாதிக் கலைஞராகிவிடுகிறார். பறைக்குத் தோல் கட்டுபவரும், கிரீடமும் புஜக்கட்டையும் செதுக்குபவரும் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. ஆகவே கொள்கையைத் திருத்த வேண்டும் என்று தொடங்குகிறவர்கள், முதலில் படிவத்தில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அமைச்சரவை கூடாமலே முடியக்கூடிய காரியம் அது.

எந்தத் துறைக்கு எழுதுவது?

தலைமைச் செயலகத்தில் சுற்றுலா, பண்பாடு மற்றும் அறநிலையங்கள் துறை. அதன்கீழ் கலை பண்பாட்டு இயக்ககம். விருதுகளும் கலைஞர் உதவிகளும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக வரும். கிராமியக் கலைஞர்களுக்கென்று நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது.

இந்த நாலு முகவரியோடு பட்டியல் முடிந்துவிடும் என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு. இரவு நிகழ்ச்சியைத் தடுப்பது சுற்றுச்சூழல் விதி. கோயில் மண்டபத்தைத் தருவதோ மறுப்பதோ அறநிலையத் துறை. பேருந்தில் தவிலையும் ஹார்மோனியத்தையும் ஏற்றுவது பற்றி முடிவெடுப்பது போக்குவரத்துக் கழகம். கலைத் துறைக்கு அனுப்பிய மனு இந்த இடங்களுக்குத் தானாகப் போய்ச் சேராது. பிரதி ஒவ்வொன்றுக்கும் தனியாக அனுப்ப வேண்டும்.

எங்களைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் ஏதாவது உண்டா?

கலைஞர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது என்று சொல்லும் நேரடிச் சட்டம் கிடையாது. ஆனால் பிடிமானங்கள் மூன்று உண்டு.

முதலாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கொள்கை வகுப்பதில் பொதுமக்களைக் கலந்தாலோசிக்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது 4(1)(பி) பிரிவின் 7ஆம் உட்பிரிவு. வாரியங்கள், குழுக்கள் என்னென்ன, அவற்றின் கூட்டங்களும் கூட்டக் குறிப்புகளும் பொதுமக்களுக்குத் திறந்தவையா என்பதைச் சொல்லச் சொல்கிறது 8ஆம் உட்பிரிவு. மக்களைப் பாதிக்கும் முக்கியக் கொள்கையை வகுக்கும்போது அது தொடர்பான விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது 4(1)(சி).

இரண்டாவது, ஒன்றிய அரசு 2014 பிப்ரவரியில் அறிவித்த, சட்டம் இயற்றும் முன் கலந்தாலோசிக்கும் கொள்கை. சட்ட வரைவையும் விதி வரைவையும் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும், வந்த கருத்துகளின் சுருக்கத்தை இணையதளத்தில் போட வேண்டும் என்பது அதன் சாரம். இது ஒன்றிய அமைச்சகங்களுக்கானது, சட்டமும் அல்ல. மீறினார்கள் என்று சுட்டிக்காட்டலாம், அவ்வளவுதான்.

மூன்றாவது, பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்முகத்தன்மை குறித்த யுனெஸ்கோவின் 2005ஆம் ஆண்டு உடன்படிக்கை. 2006 டிசம்பரில் இந்தியா இதை ஏற்றது. மக்கள் அமைப்புகளின் பங்கு அடிப்படையானது, அவற்றின் செயலூக்கமான பங்கேற்பை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்பது 11ஆவது உறுப்பு. பெண்கள், சிறுபான்மையினர், பழங்குடியினர் ஆகியோரின் நிலைமைக்கு உரிய கவனம் தரச் சொல்வது 7ஆவது உறுப்பு. காவல் நிலையத்தில் இதைக் காட்டினால் எதுவும் நடக்காது. செயலாளருக்கு எழுதும் மனுவில் ஒரு பத்தியாக வந்தால் மனுவுக்குக் கனம் கூடும்.

தகவல் உரிமை மனுவில் என்ன கேட்பது? போட்டதெல்லாம் 'தகவல் இல்லை' என்று திரும்பி வருகிறது.

பெரும்பாலும் கேள்வியின் வடிவம்தான் சிக்கல். 'எங்கள் மாவட்டத்துக்கு ஏன் குறைவாகக் கொடுத்தீர்கள்?' என்று எழுதினால், காரணம் சொல்வது தகவல் ஆகாது என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். இப்படி:

"கலைஞர்களுக்கான இன்ன திட்டம் தொடர்பாக: (1) திட்டத்துக்கான அரசாணையின் நகல். (2) 2024–25ஆம் ஆண்டில் வந்த விண்ணப்பங்கள், ஏற்கப்பட்டவை, நிராகரிக்கப்பட்டவை ஆகியவற்றின் எண்ணிக்கை, மாவட்டவாரியாக, கலைப்பிரிவுவாரியாக, பாலினவாரியாக. (3) தேர்வுக் குழு உறுப்பினர்களின் பெயர், பதவி, அவர்களை நியமித்த ஆணையின் நகல். (4) தேர்வுக் குழுக் கூட்டக் குறிப்புகளின் நகல். (5) பிரிவு 4(1)(பி) 7ஆம் உட்பிரிவின்படி வெளியிடப்பட்ட விவரத்தின் நகல். (6) மேற்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி."

பயனாளிகளின் பெயர்ப் பட்டியல் கேட்க வேண்டாம். தனிப்பட்ட விவரம் என்று மறுப்பார்கள், அந்தச் சாக்கில் மற்றக் கேள்விகளும் அடிபடும். உங்களுக்கு வேண்டியது எண்ணிக்கைதான்.

கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். ஏ4 நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. முதல் மேல்முறையீட்டுத் தேதியைத் தவறவிடுவதால் சாகும் மனுக்கள் ஏராளம். தபால் ரசீதை மனுவின் நகலோடு அன்றே பின் அடித்து வையுங்கள்.

எந்த மாதத்தில் மனு கொடுத்தால் பலன்?

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. அதற்கான மதிப்பீடுகளைத் துறைகள் அதற்குப் பல மாதம் முன்பே தயாரிக்கத் தொடங்கிவிடும். புதுச் செலவு கேட்கும் மனு செப்டம்பர், அக்டோபருக்குள் இயக்ககத்தில் இருக்க வேண்டும். பொங்கல் முடிந்து போகிற மனுவுக்கு 'பரிசீலிக்கப்படும்' என்ற பதில்தான் வரும், அதற்குப் பொருள் அடுத்த ஆண்டு.

செலவில்லாத கோரிக்கைகளுக்கு இந்தக் கணக்கு கிடையாது. படிவத் திருத்தம், குழுவில் இடம், கூட்டத்தை மாவட்டத்தில் நடத்துவது போன்றவற்றை எப்போதும் கேட்கலாம்.

மானியக் கோரிக்கை விவாதத்துக்கு இரண்டு வாரம் முன்பு உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒரே பக்கத்தில், எண்களோடு, இரண்டே கோரிக்கைகளைக் கொடுங்கள். பத்துப் பக்கம் கொடுத்தால் உதவியாளர் மேசையோடு சரி.

மனு எழுதும்போது எங்கே தவறுகிறோம்?

'நலிந்துவரும் நமது தொன்மையான கலைகளைக் காக்க ஆவன செய்ய வேண்டும்' என்ற வாக்கியத்தில். அதைப் படிக்கும் அலுவலருக்கு மறுநாள் காலை என்ன செய்வது என்று தெரியாது. எதிர்ப்பும் இல்லை, வேலையும் இல்லை. எல்லோரும் மகிழ்ச்சியாகக் கோப்பை மூடிவிடலாம்.

அதற்குப் பதிலாக: 'இன்ன அரசாணையின் இன்ன பத்தியில், தேர்வுக் குழுவில் ஐவர் என்று உள்ளது. அதில் பெண் கலைஞர் ஒருவரும், பட்டியல் சாதி அல்லது பழங்குடிக் கலைஞர் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்று சேர்க்கக் கோருகிறோம். சேர்க்க வேண்டிய வாசகம் கீழே.' வாசகத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். கோப்பு எழுதும் பிரிவு அலுவலருக்குப் பாதி வேலை மிச்சம், அவர் எழுதும் குறிப்பில் உங்கள் சொல் இருக்கும்.

திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் பதிவு எண் வாங்காமல் வெளியே வராதீர்கள். மாநிலக் கொள்கையை மாற்றும் கோரிக்கையை அங்கே மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும் வீண், ஆட்சியரால் அதை மேலே அனுப்பத்தான் முடியும்.

இரவு 10 மணிக்குக் கூத்தை நிறுத்தச் சொல்கிறார்கள். கலைத் துறையிடம் முறையிட்டும் பயனில்லை. என்ன வழி?

அதிகம் வரும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

தடையின் வேர், ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000. அதன் 5ஆவது விதி, இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கியைத் தடுக்கிறது. 2010 திருத்தத்துக்குப் பிறகு இசைக்கருவி என்ற சொல்லும் அதில் சேர்ந்துவிட்டது. மைக் இல்லாமல் முகவீணையும் மத்தளமும் மட்டும் வைத்து ஆடுகிறோம் என்று வாதாடினாலும் எழுத்தின்படி நிற்காது.

அதே விதியின் 3ஆம் உட்பிரிவில் ஒரு ஜன்னல் இருக்கிறது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு இரவு 10 முதல் 12 வரை, ஆண்டுக்கு மொத்தம் 15 நாளுக்கு மிகாமல், மாநில அரசு விலக்கு அளிக்கலாம். 2005இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. எந்தெந்த நாட்கள் என்பதை மாநில அரசோ, அது அதிகாரம் அளித்த மாவட்ட நிர்வாகமோ முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். இந்த 'முன்கூட்டியே'தான் நமக்கு வேலை செய்ய இடம் தருகிறது. பெரிய நகரத் திருவிழாக்களை முன்வைத்துக் கேட்க ஆள் இருக்கும். பாரதக் கூத்து நடக்கும் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவை முன்வைத்து யாரும் கேட்காவிட்டால் பட்டியலில் அது எப்படி வரும்?

செய்ய வேண்டியது: உங்கள் மாவட்டத்தில் அந்த 15 நாட்கள் எப்படி ஒதுக்கப்பட்டன என்று தகவல் உரிமை மனுவில் கேளுங்கள். ஊர்வாரியாகக் கூத்து நடக்கும் தேதிகளைச் சேகரித்து, சீசனுக்கு நாலைந்து மாதம் முன்பே ஆட்சியரிடம் கொடுங்கள். ஊருக்கு ஊர் தேதி மாறும் என்பதால், விலக்கு நாட்களை மாவட்டம் முழுமைக்கும் ஒரே தேதியாக இல்லாமல் வட்டவாரியாக அறிவிக்கக் கோருங்கள். ஏற்பார்கள் என்று உறுதி இல்லை, கேட்காமல் கிடைக்காது என்பது உறுதி.

ஒலியைப் பற்றி நீங்களே முந்திக்கொண்டு எழுதிக் கொடுப்பது நல்லது. பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம், அந்தப் பகுதிக்கு விதித்த சுற்றுப்புற ஒலி வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நீக்கிவிட்டு, களத்தைப் பார்த்தபடி இரண்டு பெட்டி மட்டும் வைப்போம் என்று மனுவில் இருந்தால், ஆய்வாளர் கையெழுத்துப் போடத் தயங்குவது குறையும். புகார் பெரும்பாலும் குழாய் ஸ்பீக்கரால் வருவது, கூத்தால் அல்ல.

12 மணிக்குப் பிறகு? உண்மையைச் சொல்லிவிடுவோம்: இன்றைய விதியில் இடமில்லை. விடிய விடிய ஆடும் வடிவத்துக்கு நள்ளிரவு என்பது நடு ஆட்டம். பாரதப் போரின் கடைசி நாளை ஆடும் பதினெட்டாம் போர் கூத்து இரவில் தொடங்கி, பொழுது புலர்ந்து படுகளம் என்ற திடலில் துரியோதனனின் மண் உருவத்தைச் சுற்றி வந்து பீமன் தொடையில் அடிப்பதோடு முடிகிறது. நடுவில் 6 மணி நேரத்தை வெட்டினால் ஒட்டுப் போட முடியாது. சுருக்கச் சொன்னால் முதலில் போவது, வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்து அறிமுகமாகும் திரைப் பிரவேசம். வேடக்காரரின் வித்தையெல்லாம் அதில்தான் இருக்கிறது. இதற்கு விதித் திருத்தமே வழி. அதைக் கேட்க வேண்டிய இடம் டெல்லியில் உள்ள சுற்றுச்சூழல் அமைச்சகம். ஒரு ஜமா தனியாக எழுதினால் நகராது. பல மாவட்டச் சங்கங்கள், ஒரே வாசகத்தில், தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழியாகவும் அனுப்ப வேண்டும். விடிய விடிய நடக்கும் கலைகள் கேரளத்திலும் கர்நாடகத்திலும் உண்டு, கூட்டாளிகளை அங்கேயும் தேடலாம்.

கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

உண்டு, குறைவெண் வரம்பு (வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு) நிறைந்திருந்தால். ஊராட்சி மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். தமிழ்நாட்டில் சபை கூடும் நாட்கள் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானப் பதிவேட்டில் எழுதி முடிக்கும்வரை இடத்தை விட்டு எழாதீர்கள். 'பேசப்பட்டது' வேறு, 'தீர்மானிக்கப்பட்டது' வேறு. களம் எந்த இடம், எந்தத் தேதிகளில், ஊரின் எல்லாத் தெரு மக்களும் உட்கார்ந்து பார்க்கலாம் என்பது மூன்றும் தீர்மானத்தில் இருக்கட்டும். கடைசி வரி எழுதப்படாத ஊர்களில் பறை அடிப்பவருக்குக் களத்தில் நிற்க இடம் இருக்கும், அவர் வீட்டாருக்கு உட்கார இடம் இருக்காது.

கலந்தாய்வுக் கூட்டம் வைத்தார்கள், யாரும் வரவில்லை என்கிறார்கள்.

புதன்கிழமை காலை 11 மணிக்குச் சென்னையில், அதுவும் பங்குனியில் வைத்தால் யார் வருவார்? முதல் நாள் இரவு ஆடியவர் அப்போதுதான் அரிதாரம் கலைத்துப் படுத்திருப்பார். பயணப்படி இல்லை, ஒரு நாள் கூலி போகும். கூத்துக்காரர்களுக்கு ஓய்வு மழை மாதங்களான ஐப்பசி, கார்த்திகை. கலந்தாய்வை அப்போது, மாவட்டத் தலைநகரில், போக்குவரத்துச் செலவோடு வைக்கக் கேளுங்கள். நிகழ்ச்சி நிரலையும் வரைவையும் தமிழில் 15 நாள் முன்பே தரச் சொல்லுங்கள். எழுத்துப் பழக்கம் இல்லாதவர்கள் குரல் பதிவாகக் கருத்துச் சொல்ல வழி கேளுங்கள்.

பெண்களைத் தனி அமர்வில் கேட்காவிட்டால் கரகாட்டப் பெண்களின் உடை மாற்றும் இடம், இரவுப் பயணம், குடித்துவிட்டு மேடையேறுபவர்கள் என்ற மூன்று விஷயமும் குறிப்பில் ஏறாது. அவற்றைச் சபையில், தங்களுக்கு ஆட்டம் பிடித்துத் தரும் ஏஜென்ட் முன்னால், அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன கேட்பது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 29ஆவது பிரிவு பண்பாட்டுக்கென்றே உள்ளது. கலைஞர்களுக்கு ஆதரவு, கலை எல்லோருக்கும் எட்டும்படி செய்தல் இரண்டும் அதில் உண்டு. விழாக் குழுக்கள் 'சாய்தளம் வைத்தோம்' என்பார்கள். அளவு கேளுங்கள். விகிதம் 1:12. மேடை 3 அடி உயரம் என்றால் சாய்தளம் 36 அடி நீளம், இடையில் நின்று மூச்சு வாங்கச் சமதளம், இரு பக்கமும் கைப்பிடி. 6 அடிப் பலகையைச் சாய்த்து வைப்பது நாலு பேர் சேர்ந்து தூக்குவதற்குத்தான் உதவும். இடம் போதாதென்றால் மேடையை ஒன்றரை அடியாக இறக்கச் சொல்லுங்கள், 18 அடி போதும். சைகைமொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும், மாறி மாறிச் செய்ய. மேடை விளக்கை அணைக்கும்போதும் அவர்மேல் ஒரு விளக்கு எரிய வேண்டும்.

ஒரு கலையை ஒரு சமூகம் இழிவு என்கிறது, ஆடுபவர் பிழைப்பு என்கிறார். யார் பக்கம் நிற்பது?

குறவன்–குறத்தி ஆட்டத்தில் நடந்தது இது. தங்கள் பெயரில் ஆபாசமாக ஆடுவதைத் தடுக்க வேண்டும் என்பது குறவர் அமைப்புகளின் நெடுங்காலக் கோரிக்கை. 2023இல் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்து ஆணையிட்டது. பெயரால் காயப்படும் சமூகத்தின் சொல்லுக்கே முன்னுரிமை என்பது எங்கள் கருத்து. ஆனால் தடை கேட்கும் மனுவிலேயே அந்த ஆட்டத்தை நம்பியவர்களுக்கு மாற்று வாய்ப்பு, வாரிய உறுப்பினர் பதிவு ஆகியவற்றையும் கேட்க வேண்டும். தடை ஆணை ஒரு நாளில் வரும். மாற்று ஏற்பாட்டைப் பிறகு தனியாகக் கேட்டால் வராது.

நீதிமன்றம் போகலாமா?

போகலாம், வேறு வழி அடைபட்ட பிறகு. தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டம், 1954 பல பத்தாண்டுகள் நாடகப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டச் சொல்லும் அதிகாரத்தைத் தந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை என்று ரத்து செய்தது. இன்றும் எங்காவது பிரதி கேட்டால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள்.

எங்கள் குழு பதிவு செய்யாதது. தடையாகுமா?

மனு கொடுக்க, கருத்துச் சொல்லத் தடையில்லை. தகவல் உரிமை மனுவை மட்டும் குழுவின் பெயரில் போடாமல் ஒருவர் தன் பெயரில் போட வேண்டும். நிதி பெற, குழுவில் அமர, பதிவு தேவைப்படும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி 7 பேர் போதும். பதிவு செய்வதைவிட, ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்வதில்தான் சங்கங்கள் விழுகின்றன.

யுனெஸ்கோ நிதி கிடைக்கும் என்கிறார்களே?

2005 உடன்படிக்கையின்கீழ் பண்பாட்டுப் பன்முகத்தன்மைக்கான பன்னாட்டு நிதியம் உண்டு. ஒரு திட்டத்துக்கு 1,00,000 டாலர் வரை, தன்னார்வ அமைப்புகளும் விண்ணப்பிக்கலாம். ஒரு விழா நடத்தப் பணம் கேட்டால் தள்ளிவிடுவார்கள், கொள்கையையோ கலைத்தொழில் அமைப்பையோ மாற்றும் திட்டமாக இருக்க வேண்டும். யுனெஸ்கோ ஐ.நா.வின் சிறப்பு முகமை என்பதால், அதன் நிதிக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு தேவையில்லை. சிறு சங்கங்கள் இதில் நேரம் செலவழிப்பதைவிட, உடன்படிக்கையின்படி அரசு 4 ஆண்டுக்கு ஒருமுறை அனுப்பும் அறிக்கையில் மக்கள் அமைப்புகளுக்கென்று உள்ள பகுதிக்குத் தங்கள் குறிப்பை அனுப்பலாம். அதற்கு ஒரு பைசா செலவில்லை.

குழுவில் ஒரு இடம் கொடுத்துவிட்டார்கள். இனி?

முதல் கூட்டத்திலேயே மூன்று கேளுங்கள்: கூட்டக் குறிப்பு எத்தனை நாளில் வரும், மாற்றுக் கருத்து அதில் பதிவாகுமா, உறுப்பினரின் சொந்த ஜமா விண்ணப்பித்திருந்தால் அவர் எழுந்து வெளியே போக வேண்டுமா. கடைசிக் கேள்வியை நீங்களே எழுப்பி, உங்கள் குழுவின் விண்ணப்பம் வரும்போது நீங்களே முதலில் எழுந்து போங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 'தீர்மானங்கள் ஒருமனதாக ஏற்கப்பட்டன' என்று கூட்டம் தொடங்கும் முன்பே தட்டச்சாகியிருப்பது உண்டு. அப்படியானால் 'வருகைக்கு மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.